நைரோபியிலிருந்து கேப்டவுன் வரை: ஆப்பிரிக்காவைக் குழுவாக லாரியில் கடக்க முழுமையான வழிகாட்டி

கென்யாவின் நைரோபியில் ஏறி, தான்சானியா, மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா என்று தரைவழியாகவே இறங்கி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் முடிக்கும் பயணம் இது. சுற்று வழிகளையும் சேர்த்தால் எட்டாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வரும். ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். வண்டி, பார்ப்பதற்குப் பேருந்து போலிருக்கும் ஒரு பெரிய லாரி. மேலே இருபது பேர் அளவுக்கு உட்கார இருக்கைகள், பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், மடக்கு மேசை, கூடாரங்கள், தண்ணீர்த் தொட்டி. ஓட்டுநர், குழுத் தலைவர், பல வண்டிகளில் தனியாக ஒரு சமையற்காரர். மீதி வேலை எல்லாம் பயணிகளுடையது.

கூடாரம் அடிப்பதும், காய் நறுக்குவதும், பாத்திரம் கழுவுவதும் நாம்தான். பணம் கட்டிவிட்டு உட்கார்ந்து வரும் சுற்றுலா வேண்டும் என்றால் வேறு வழி பாருங்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளி மெல்ல மெல்லக் காடாகி, காடு ஏரியாகி, ஏரி ஆறாகி, ஆறு பாலைவனமாவதைத் தரையில் உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன். தனியாக வாடகைக் கார் எடுத்துப் போவதைவிடச் செலவும் குறைவு, தொந்தரவும் குறைவு.

முதலில் பாதையைப் படியுங்கள்

பயணத் திட்டத்தைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானோர் எண்ணுவது நாடுகளை. "இவர்கள் ஏழு நாடு, அவர்கள் பத்து நாடு, விலை ஒன்றுதான்" என்று பத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். நாடுகளை எண்ணாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இந்த ஒரு கணக்கு போதும், நல்ல திட்டத்தையும் மோசமான திட்டத்தையும் பிரித்துவிடலாம்.

ஒரே இரவு தங்கும் இடத்தில் மாலை கூடாரம் அடித்து, விடியும் முன் பிரித்து, லாரியில் ஏற்றிக் கிளம்புவீர்கள். இப்படித் தொடர்ந்து நான்கு நாள் போனால் எந்த ஊரும் மனதில் நிற்காது. இரண்டு இரவு என்றால் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும். துணி துவைக்கலாம், நடந்துபோய் சந்தையைப் பார்க்கலாம், விலங்குகளைக் காலையிலும் மாலையிலும் இருமுறை பார்க்கலாம். பாதித் திட்டமாவது இப்படி அமைந்திருக்க வேண்டும்.

நேரம் இல்லாதவர்கள் முழுப் பாதையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் துண்டுகளாகவும் விற்கின்றன. நைரோபியிலிருந்து விக்டோரியா அருவி வரை மூன்று முதல் நான்கு வாரம்; அருவியிலிருந்து கேப்டவுன் வரை சுமார் மூன்று வாரம். விலங்குகளும் மக்களும் முக்கியம் என்றால் முதல் பாதி. திறந்த நிலமும் பாலைவனமும் வேண்டும் என்றால் இரண்டாம் பாதி. முதல்முறை கூடாரத்தில் தங்குபவர்களுக்கு இரண்டாம் பாதியைச் சொல்வேன். சாலையும் முகாம் வசதிகளும் அங்கே மேல்.

உகாண்டாவுக்கோ ருவாண்டாவுக்கோ போய் மலைக் கொரில்லாவைப் பார்த்துவிட்டு வரும் கிளைப்பாதையும் உண்டு. அனுமதிச் சீட்டுக்கு மட்டும் ஆளுக்கு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். கொரில்லாக்களின் முன்னால் இருக்க விடுவது ஒரு மணி நேரம். பணம் இருந்தால் தயங்காமல் போங்கள். ஆனால் சீட்டு நாளுக்கு இத்தனை பேர் என்று அளவாகத்தான் தருவார்கள், பல மாதம் முன்பே பதிய வேண்டும்.

எந்த மாதம்

ஜூன் முதல் அக்டோபர் வரை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை மார்ச்சிலிருந்து மே வரை, சிறுமழை நவம்பர் வாக்கில். தெற்கே மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. இரண்டும் இல்லாத காலம் ஜூன்–அக்டோபர். புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், குட்டைகள் வற்றி விலங்குகள் ஆற்றோரம் கூடும், பார்ப்பது எளிது. வில்டபீஸ்ட் என்ற மேய்ச்சல் விலங்குகள் கூட்டம் கூட்டமாக மாரா ஆற்றைக் கடப்பதும் ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரைதான்.

இன்னொரு அதிசயமும் இதே காலத்தில் நடக்கிறது. அங்கோலாவின் மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத ஜூன்–ஆகஸ்டில் ஒகவாங்கோ கழிமுகத்தை நிரப்புகிறது. கடலைச் சேராத ஆறு அது. கலஹாரி மணலில் விரிந்து முடிந்துவிடும். சுற்றிலும் வறட்சி, நடுவில் வெள்ளம். யானைகள் அங்கே கூடுவதற்கு அதுவே காரணம்.

விக்டோரியா அருவிக்கு மட்டும் கணக்கு வேறு. சுமார் 1,700 மீட்டர் அகலமும் 108 மீட்டர் உயரமும் உள்ள அந்த அருவியில் ஏப்ரல் வாக்கில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும், சாரலில் எதிரே எதுவும் தெரியாது. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறையாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் போனால் தண்ணீரும் இருக்கும், கண்ணுக்கும் தெரியும். வறண்ட மாதத்தில் போனால் ஜிம்பாப்வே பக்கத்திலிருந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு பை கட்டாதீர்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டு தெற்கே குளிர்காலம். போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் விடியற்காலையில் உறைநிலையை நெருங்கும். தான்சானியாவில் ங்கோரோங்கோரோ எரிமலை வாயின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல். அங்கே கூடாரத்தில் தூங்கும் இரவு ஊட்டியின் டிசம்பரை ஒத்திருக்கும்.

நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

விலைப்பட்டியலில் முதல் வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல நிறுவனங்கள் விலையை இரண்டாகப் பிரிக்கின்றன: ஒன்று பதிவின்போது கட்டும் தொகை, மற்றொன்று முதல் நாள் குழுத் தலைவர் கையில் டாலர் நோட்டாகக் கொடுக்க வேண்டிய உள்ளூர்ச் செலவுத் தொகை. இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். அப்புறம் எது சேர்ந்திருக்கிறது, எது தனி என்று எழுத்தில் கேளுங்கள். செரங்கெட்டி, ங்கோரோங்கோரோ நுழைவும் ஜீப்பும் விலையில் உண்டா? ஒகவாங்கோவில் படகு உண்டா? ஜான்சிபார் தீவில் தங்கும் செலவு? தான்சானியாவின் பூங்காக் கட்டணங்கள் மிக அதிகம். அவை "விருப்பச் செலவு" என்ற பட்டியலில் இருந்தால், மலிவாகத் தெரிந்த பயணம் உண்மையில் மலிவே இல்லை.

இன்னும் சில கேள்விகள். குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? வயது வரம்பு உண்டா? சில பயணங்கள் இளைஞர்களுக்கு மட்டும், இரவு ஆட்டமும் குடியும் அதிகம். குடும்பத்தோடோ அமைதியாகவோ போக நினைப்பவர்கள் இதை முன்பே கேட்டுவிட வேண்டும். தனியாக வருபவர் கூடாரத்தை இன்னொருவரோடு பகிர வேண்டுமா, தனிக் கூடாரத்துக்குக் கூடுதலா? மெத்தை தருகிறார்களா? இருக்கைதோறும் பெல்ட் உண்டா? இரவில் வண்டி ஓட்டுவார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் அந்த நிறுவனம் வேண்டாம். விளக்கில்லாத சரக்கு லாரிகளும் சாலையில் படுத்திருக்கும் மாடுகளும் காட்டு விலங்குகளும் உள்ள நெடுஞ்சாலைகள் அவை. நல்ல ஓட்டுநர்கள் இருட்டும் முன் முகாமுக்குள் போய்விடுவார்கள்.

விமானச் சீட்டை நைரோபியில் இறங்கி கேப்டவுனில் ஏறும்படி ஒரே பதிவாக எடுங்கள். பயணம் தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள். முடியும் நாளிலேயே திரும்பும் விமானம் வைக்காதீர்கள். லாரிப் பயணம் நிமிடக் கணக்கில் முடிவதில்லை.

விசா: நாட்காட்டியோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை

இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு இதுதான் அதிக உழைப்பு கேட்கும் பகுதி. ஐரோப்பியர்களுக்கு எழுதிய குறிப்புகளில் "எல்லையிலேயே கிடைக்கும்" என்று இருப்பதை நம்பாதீர்கள். ஒவ்வொரு நாட்டின் அரசுத் தளத்திலும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பார்த்து, ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: நுழையும் தேதி, வெளியேறும் தேதி, எத்தனை முறை நுழைகிறீர்கள், விசா எத்தனை நாளுக்கு முன் வாங்கலாம்.

கடினமானதை முதலில் முடியுங்கள். தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டியவை. கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக ஈடிஏ என்ற இணைய அனுமதிக்கு மாறிவிட்டது, கட்டணம் 30 டாலரை ஒட்டி வரும். தான்சானியாவுக்கு இணைய விசா, 50 டாலர். ஜான்சிபாருக்குப் போகும் வெளிநாட்டவர் எல்லோரும் 2024 அக்டோபரிலிருந்து அந்தத் தீவின் அரசுக் காப்பீட்டை 44 டாலர் கட்டி எடுக்க வேண்டும். உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் இது தனி.

ஜாம்பியாவையும் ஜிம்பாப்வேயையும் ஒன்றாகப் பார்க்க கசா யூனிவிசா என்று ஒன்று இருக்கிறது. 50 டாலர், 30 நாள், இரண்டு நாட்டுக்கும் போய்வரலாம், எல்லையிலுள்ள கசுங்குலா வழியாக ஒரு நாள் போட்ஸ்வானா போய்த் திரும்பவும் செல்லும். உங்கள் நாடு அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் சிக்கும் இடம் ஒன்று சொல்கிறேன். சில பாதைகள் போட்ஸ்வானாவுக்குள் நுழைந்து, நமீபியாவின் வடகிழக்கு மூலைக்குப் போய், மறுபடி போட்ஸ்வானாவுக்குள் வரும். ஒருமுறை நுழையும் விசா வைத்திருப்பவர் இரண்டாவது எல்லையில் நிற்க வேண்டியதுதான். லாரி காத்திருக்காது. திட்டத்தை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து, ஒவ்வொரு எல்லைக் கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் எட்டு பத்தாவது இருக்கட்டும். செல்லும் காலமும் பயணம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் இருக்கட்டும்.

ஊசியும் மாத்திரையும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள எல்லைகளில் கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். இந்நோய் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விமான நிலையச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. கென்யா அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016-க்குப் பிறகு அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். மஞ்சள் அட்டைச் சான்றிதழின் அசலையே பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

மலேரியாவை நம் ஊர்க் கண்ணால் பார்க்காதீர்கள். "எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கிறது" என்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபேரம் வகை. சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. தடுப்பு மாத்திரை அவசியம், எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அட்டோவாகோன்–புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, மலேரியாப் பகுதியை விட்ட பிறகும் ஏழு நாள் சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, ஆனால் வெளியேறிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் எளிதில் கன்றிவிடும். பாதியில் நிறுத்துவது சாப்பிடாமல் இருப்பதற்குச் சமம். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசுவை விரட்டும் டீட் மருந்து கலந்த களிம்பு, கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடுவது, இதெல்லாம் மாத்திரைக்கு மேல்.

காப்பீட்டில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: அவசர மருத்துவ விமான வசதி. செரங்கெட்டி நடுவில் கால் முறிந்தால் அருகில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. நைரோபியை மையமாகக் கொண்ட ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957-இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அப்படி ஒரு விமானம் வர யார் பணம் கட்டுவார்கள் என்பதைத்தான் உங்கள் காப்பீடு சொல்ல வேண்டும்.

பணம்

டாலர் நோட்டுகள் புதியவையாக, கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாமல் இருக்க வேண்டும். 2006-க்கு முன் அச்சான நோட்டைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் யாரும் வாங்க மாட்டார்கள். 2013-க்குப் பிந்தையவை என்றால் எங்கும் பேச்சு வராது. ஊரில் டாலர் மாற்றும்போதே கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகள் நிறைய வேண்டும். விசாக் கட்டணம், எல்லையில் ஒரு பாட்டில் தண்ணீர், ஜிம்பாப்வேயில் ஏறக்குறைய எல்லாமே டாலரில் நடக்கும், சில்லறை கிடைக்காது. மற்ற நாடுகளில் ஏடிஎம் உண்டு. இரண்டு வேறு வங்கிகளின் அட்டை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். ஓட்டுநர், சமையற்காரருக்கான அன்பளிப்பைக் குழுவாகச் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். அதை முன்பே ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் உழைப்பைக் கண்ணால் பார்த்த பிறகு பை காலியாக இருக்கக் கூடாது.

பை கட்டுவது

சக்கரம் வைத்த கெட்டியான சூட்கேஸ் லாரிப் பெட்டகத்துக்குள் நுழையாது. மெத்தென்ற துணிப்பை, 15 கிலோவுக்குள். கூடவே பகலில் கையில் வைக்க ஒரு சின்னப் பை.

ஸ்லீப்பிங் பேக் பூஜ்ஜிய டிகிரிக்குத் தாங்குவதாக வாங்குங்கள், பணத்தைச் செலவழிக்க வேண்டிய பொருள் அதுதான். அப்புறம் தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், பெட்டகத்துக்குப் பூட்டு, ஒரு கம்பளிக் குல்லாய். குளியல் டவல் காயவே காயாது. நம் ஊர் ஈரிழைத் துண்டு இரண்டு போதும், அரை மணியில் காய்ந்துவிடும். பைனாகுலர் ஆளுக்கொன்று. கேமராவைவிட இது முக்கியம் என்று சொல்வேன். தூரத்து மரக்கிளையில் தொங்கும் வால் சிறுத்தையுடையதா என்று தெரிவது இதில்தான். எட்டு மடங்கு பெருக்கும் 8x42 அளவு கைக்கு நடுங்காது.

உடைகள் காக்கி, சாம்பல், வெளிர்பச்சை. கருப்பும் கருநீலமும் செட்சி ஈக்களை இழுக்கும், அவற்றின் கடி துணிக்கு மேலேயே இறங்கும். ராணுவப் புள்ளி போட்ட உடையைத் தொடவே தொடாதீர்கள். ஜிம்பாப்வே, ஜாம்பியாவில் அதைப் பொதுமக்கள் அணியச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிளாஸ்டிக் கைப்பைகளும் வேண்டாம். கென்யா 2017-இலும் தான்சானியா 2019-இலும் தடை செய்துவிட்டன, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். துணியைப் பிரித்து வைக்கத் துணிப்பைகளே போதும். ட்ரோனை வீட்டில் வையுங்கள்.

மின்சாரத்துக்கு ஒரு நல்ல செய்தி. கென்யாவிலிருந்து ஜிம்பாப்வே வரை மூன்று சதுரக் கம்பி உள்ள பிரிட்டிஷ் பிளக். தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் நம் வீட்டு ஏசிக்குப் போடும் பெரிய 15 ஆம்பியர் உருண்டைக் கம்பி பிளக்கே பொருந்தும். இங்கிருந்து ஒரு நீட்டிப்புப் பலகையை எடுத்துப் போனால் முகாமில் பாதிப் பேர் உங்களுக்கு நண்பர்கள்.

லாரியோடு வாழ்வது

முதல் இரண்டு நாளில் எல்லாம் பழகிவிடும். ஒரு நாளின் நடை இப்படி: இருட்டிலேயே எழுந்து கூடாரம் பிரித்து, ரொட்டியும் டீயும் முடித்து, ஆறுக்கெல்லாம் வண்டி கிளம்பும். மதியம் ஏதோ ஒரு மரத்தடியில் நிறுத்தி மேசையை இறக்கி, எல்லோருமாகக் காய் நறுக்கி சாண்ட்விச் செய்வார்கள். நீண்ட நாட்களில் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஓடும். இதைச் சகித்துக்கொள்ள வேண்டிய நேரமாக நினைப்பவர்கள் களைத்துப்போகிறார்கள். தான்சானியாவில் மிக்குமி பூங்காவை நெடுஞ்சாலையே ஊடுருவிப் போகிறது; லாரி ஜன்னலிலிருந்தே யானையும் ஒட்டகச்சிவிங்கியும் தெரியும். அதற்கப்பால் ருவாஹா ஆற்றோரம் மலைச்சரிவு முழுக்கப் பெருத்த அடிமரம் கொண்ட பவோபாப் மரங்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கினால் இவ்வளவும் போய்விடும்.

வேலைகள் சுழற்சி முறையில் வரும்: சமையல் உதவி, பாத்திரம், வண்டியைப் பெருக்குவது, சாமான் ஏற்றுவது. பாத்திரத்தை மூன்று வாளியில் கழுவுவார்கள்: சோப்பு, கிருமிநாசினி, நல்ல தண்ணீர். துணியால் துடைக்க மாட்டார்கள். எல்லோரும் வட்டமாக நின்று தட்டைக் காற்றில் வீசி வீசிக் காயவைப்பார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் காரணம் இருக்கிறது. ஒரே ஈரத்துணி இருபது தட்டையும் துடைத்தால், ஒருவரின் வயிற்றுப்போக்கு இரண்டே நாளில் எல்லோருக்கும் வந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவாதவரைக் கூச்சப்படாமல் கழுவச் சொல்லுங்கள்.

முன் இருக்கையையும் ஜன்னலையும் தினமும் மாற்றிக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் நில்லுங்கள். ஆறு வாரம் ஒரே வண்டியில் இருப்பவர்களுக்குள் சண்டை பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வரும்.

சைவர்கள் கவனத்துக்கு. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், கோழி, முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு என்று தனித்தனியாகச் சொல்லி, பதிவின்போதே எழுதிக் கொடுத்து, முதல் நாள் சமையற்காரரிடம் நேரில் பேசுங்கள். உள்ளூர் உணவில் உங்களுக்கு நிறையவே இருக்கிறது. மக்காச்சோள மாவைக் களி போலக் கிண்டிய உகாலி. அதுவே மலாவியில் ந்சிமா, ஜாம்பியாவில் ந்ஷிமா, ஜிம்பாப்வேயில் சட்சா. கூட வதக்கிய சுகுமா கீரை, பீன்ஸ் குழம்பு. கென்யா, தான்சானியாவில் சப்பாத்தி தெருவோரத்திலேயே சுடச்சுடக் கிடைக்கும். ஆலையில் அடைத்து முத்திரை போட்ட பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொஞ்சம் எடுத்துப்போங்கள். களியோடு நன்றாகவே சேரும், குழுவில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

எல்லைகளில்

குழுவாக இறங்கி, ஒரு நாட்டில் வெளியேறும் முத்திரை, இன்னொன்றில் நுழையும் முத்திரை. முத்திரையில் தேதியையும் எத்தனை நாள் என்பதையும் அங்கேயே நின்று படியுங்கள். கவுண்டரை விட்டு வந்தபின் திருத்துவது கடினம். வெளியே பணம் மாற்றுபவர்கள் மொய்ப்பார்கள்; மெதுவாக மறுத்துவிடுங்கள். எல்லைச் சாவடி, போலீஸ், ராணுவம், பாலம், எதையும் படம் எடுக்காதீர்கள்.

போட்ஸ்வானாவுக்குள் கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகள் இருக்கின்றன. கோமாரி நோய் பரவாமல் இருக்க நாட்டையே வேலிகளால் பிரித்திருக்கிறார்கள். மாட்டிறைச்சி ஏற்றுமதி அந்த நாட்டுக்குப் பெரிய வருமானம். பச்சை இறைச்சி இருந்தால் பறிமுதல். வண்டிச் சக்கரமும் உங்கள் செருப்பும் மருந்து நீரில் நனைய வேண்டும், பையில் இருக்கும் ஷூவையும் கேட்பார்கள்.

ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையில் கசுங்குலாவில் முன்பெல்லாம் படகுத்துறைதான். லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. 2021 மே மாதம் திறந்த 923 மீட்டர் பாலம் அதை மாற்றிவிட்டது. நான்கு நாட்டு எல்லைகள் நெருங்கும் இடம் அது. ஜிம்பாப்வே நிலத்தைத் தொடாமல் இருக்கப் பாலத்தையே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கவனியுங்கள், வளைவு நன்றாகத் தெரியும்.

எங்கே கூடுதல் இரவு கேட்க வேண்டும்

எல்லா இடத்தையும் சொல்லப் போவதில்லை. இந்தப் பாதையில் ஓர் இரவோடு ஓடக் கூடாத இடங்கள் என்று நான் நினைப்பவை மட்டும்.

செரங்கெட்டியும் ங்கோரோங்கோரோவும். பெரிய லாரி இங்கே உள்ளே போகாது. அருஷா பக்கம் நிறுத்திவிட்டு, கூரை திறக்கும் லேண்ட் குரூசர்களில் ஏறுவீர்கள். செரங்கெட்டியில் இரண்டு இரவாவது வேண்டும், ஏனென்றால் வேட்டை விலங்குகள் விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும். எரிமலை வாய்க்குள் கதவு திறந்ததும் முதல் ஆளாக இறங்குங்கள். சுமார் 600 மீட்டர் ஆழம், 19 கிலோமீட்டர் குறுக்களவு உள்ள அந்தக் கிண்ணத்துக்குள் கருப்புக் காண்டாமிருகம் இன்னும் இருக்கிறது.

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா. பல திட்டங்களில் இது வெட்டப்படுகிறது, அது பெரும் இழப்பு. 1950-களில் நார்மன் கார் என்பவர் நடந்துபோய் விலங்கு பார்க்கும் சஃபாரியை வளர்த்தது இங்கேதான். துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னால், வழிகாட்டி அடுத்து, நீங்கள் ஒற்றை வரிசையில். சாணத்தை உடைத்துப் பார்ப்பார்கள், கால் தடத்தைப் படிப்பார்கள். வண்டியிலிருந்து பார்த்த காடு வேறு, இது வேறு. இரவு வண்டியும் அனுமதி உண்டு, சிறுத்தை பார்க்க நல்ல வாய்ப்பு.

மலாவி ஏரிக்கு இரண்டு இரவு ஓய்வுக்கு. சுமார் 580 கிலோமீட்டர் நீளம், உலகின் வேறெந்த ஏரியையும்விட மீன் இனங்கள் அதிகம். குளிக்க ஆசையாக இருக்கும். நத்தைகள் மூலம் தோலுக்குள் புகும் பில்ஹார்சியா புழு இங்கே உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நாணல் அடர்ந்த கரையைத் தவிர்த்து, வெளியே வந்ததும் உடனே துவட்டுங்கள்.

ஒகவாங்கோவில் மொக்கோரோ என்ற ஒல்லிப் படகில், பின்னால் ஒருவர் கழியால் தள்ள, நாணலுக்கும் அல்லிக்கும் நடுவே போய் ஒரு தீவில் முகாம். குடிநீர் உட்பட எல்லாம் நாமே சுமக்க வேண்டும், கழிப்பறை என்பது மண்வெட்டியால் தோண்டிய குழி. இரண்டு இரவு தங்குங்கள். படகு தள்ளுபவர்கள் அந்த நீரிலேயே வளர்ந்தவர்கள். அவர்களோடு விடியலில் நடக்கும் நடையில் கற்பது அதிகம்.

நமீபியாவில் எட்டோஷாவின் ஒகாக்குவேயோ முகாமில் விளக்குப் போட்ட ஒரு குட்டை உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கையில் உட்கார்ந்தால் இரவெல்லாம் காண்டாமிருகமும் யானையும் நீர் குடிக்க வரும். தெற்கே சோசுஸ்வ்லேயில் சிவப்பு மணல்மேடுகள். செஸ்ரியம் வாயிலிலிருந்து 45-வது கிலோமீட்டரில் இருக்கும் மேட்டுக்கு 45 என்றே பெயர். சூரியன் எழும் முன் ஏறத் தொடங்க வேண்டும், பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது.

வேலியில்லாத முகாமில் இரவு

பல முகாம்களுக்குச் சுற்றுவேலி கிடையாது. பயப்பட வேண்டாம், விதிகளை மீறாமல் இருந்தால் போதும். மூடிய கூடாரத்தை விலங்குகள் கிழித்துக்கொண்டு வருவதில்லை. ஆனால் உள்ளே சாப்பாடு ஒரு துளியும் இருக்கக் கூடாது, பிஸ்கட், பழம், வாசனை சோப்பு எதுவும். யானைக்கு ஆரஞ்சு வாசம் வெகுதூரம் தெரியும். செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போகும்.

இரவில் எழுந்தால் முதலில் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து டார்ச்சை நாலாபுறமும் மெதுவாகச் சுற்றுங்கள். கண்கள் மின்னினால் உள்ளேயே இருங்கள். இல்லையென்றாலும் தூரத்துக் கழிப்பறைக்குத் தனியாகப் போகாதீர்கள். ஆற்றோர முகாமில் நீர்யானை இரவில் புல் மேயக் கரைக்கு வரும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். பகலில் தொல்லை குரங்குகளும் பபூன்களும். கையில் இருப்பதைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள்.

மக்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கால்நடை மேய்க்கும் மாசாய் மக்களின் ஊர்களில் பணம் எதிர்பார்ப்பார்கள். அதை முன்பே பேசிக்கொள்வது இருவருக்கும் மரியாதை. லாரியிலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாயோ பேனாவோ எறியாதீர்கள். அவர்கள் ஓடும் சக்கரத்துக்கு அருகே ஓடிவரக் கற்றுக்கொள்வார்கள்.

ஊர் திரும்பிய பிறகு

மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை முடியுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். வெறும் பாராசிட்டமாலோடு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஏரியில் இறங்கியவர்கள் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பில்ஹார்சியாவுக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருந்தால் பிராசிகுவான்டெல் மாத்திரையில் குணமாகிவிடும்.